இருபத்திரண்டும் பதின்மூன்றும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. தர்மபுரிப் பக்கம் ஊர். மின்னணுவியல் படித்துவிட்டு நான்கரை ஆண்டுகளாகப் பெங்களூரில் ஓர் ஐ.டி. சேவை நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. கைக்கு 64,000 வருகிறது. ராமமூர்த்தி நகரில் வாடகை 16,000, கல்விக்கடன் தவணை 11,200, வீட்டுக்கு 25,000. மிச்சத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

இப்போது இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது. ஒன்று பெல்லந்தூரில், ஒரு வெளிநாட்டு வங்கியின் மையம். பேமெண்ட் மென்பொருளுக்கு எல்-2 சப்போர்ட் (வரும் கோளாறுகளை ஆராயும் இரண்டாம் நிலை உதவி), சிடிசி (எனக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை) 22 லட்சம். இன்னொன்று பீன்யாவில், அறுபது பேர் வேலை செய்யும் மருத்துவக் கருவி கம்பெனி. நோயாளிக்கு மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்புக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுத வேண்டும், 13 லட்சம். சனிக்கிழமை வந்தால் எஸ்.பி. ரோட்டில் போர்டும் சென்சாரும் வாங்கிவந்து வீட்டில் குடைந்துகொண்டிருப்பவள் நான். மனசு பீன்யா பக்கம்தான் நிற்கிறது. அப்பாவோ, "ஒன்பது லட்சத்தை எவளாவது வேண்டாம் என்பாளா?" என்கிறார். ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் பணம் மகிழ்ச்சியைக் கூட்டாது என்று ஆய்வே இருக்கிறதாமே? இரண்டு ஆஃபர் கடிதங்களையும் அனுப்பியிருக்கிறேன். எதை எடுக்கட்டும்?

ர., பெங்களூர்

*

அன்புள்ள ர.,

அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்கிற ஒன்பது லட்சம் இந்த இரண்டு கடிதங்களிலும் இல்லை.

பெல்லந்தூர் கடிதத்தின் கடைசிப் பக்க அட்டவணையைப் பாருங்கள். 22 லட்சத்துக்குள் 3,30,000 வேரியபிள் பே, முழுதாக வரும் என்று உறுதியில்லாத பணம். 1,50,000 ஜாயினிங் போனஸ், அதுவும் முதல் ஆண்டுக்கு மட்டும். பேசிக் 9 லட்சம் என்பதால் கம்பெனி பங்கு பி.எஃப். 1,08,000, கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 43,000. குழுக் காப்பீட்டு பிரீமியம் 29,000. இத்தனையும் போனால் மாதச் சம்பளமாகப் பிரித்துத் தருவது ஆண்டுக்கு 15,40,000தான். அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 1,08,000, கர்நாடகத் தொழில் வரி 2,500, 2025-26 புதிய வரிமுறைப்படி வருமான வரி ஏறக்குறைய 1,03,700. கைக்கு வருவது மாதம் 1,10,500.

பீன்யா கடிதத்தில் வேரியபிள் கிடையாது. பி.எஃப்.-ஐ மாதப் பேசிக்கில் 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் பிடிக்கிறார்கள், மாதம் 1,800. அந்தக் கம்பெனி பங்கோடு கிராஜுவிட்டி 29,000, காப்பீடு 9,400 போக 12,40,000. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழிந்தால் வரிக்குரிய வருமானம் 11,65,000. 12 லட்சத்துக்குள் இருப்பதால் அதே வரிமுறையின் தள்ளுபடியில் வரியே வராது. கைக்கு மாதம் 1,01,300.

ஆக, மாதாமாதம் வங்கிக் கணக்கில் தெரியப்போகும் வித்தியாசம் 9,200 ரூபாய்.

இதோடு நிறுத்தினால் உங்களை நான் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். பி.எஃப்.-இல் இரு பங்கும் சேர்ந்து அங்கே ஆண்டுக்கு 2,16,000 சேரும், இங்கே 43,200. அதுவும் உங்கள் பணம்தான். வேரியபிளில் 80 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் வரி போக 2,15,000 நிற்கும். எல்லாம் கூட்டினால் உண்மையான இடைவெளி ஆண்டுக்கு 5 லட்சம். கல்விக்கடனை ஏறக்கட்ட உதவும் பணம், சின்னத் தொகை இல்லை. ஆனால் அப்பா வைத்திருக்கும் ஒன்பதும் இல்லை. ஜாயினிங் போனஸ் பற்றிய பத்தியையும் இன்னொரு தடவை வாசியுங்கள்: 18 மாதத்துக்குள் விலகினால் முழு 1,50,000-ஐயும் திருப்பிக் கட்டவேண்டும். வரி பிடித்தபின் உங்கள் கைக்கு வந்தது அதைவிடக் குறைவாக இருக்கும். இந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த 75,000 டாலர் ஆய்வை விட்டுவிடுங்கள். 2010-இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களின் தரவை வைத்துச் சொன்னது அது. 2023-இல் கானமனே, தனக்கு மாறாகச் சொன்ன ஆய்வாளர் கில்லிங்ஸ்வர்த்துடன் சேர்ந்து அதைத் திருத்தினார். பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் ஓர் அளவுக்கு மேல் நின்றுவிடுகிறது. பணம் முக்கியமில்லை என்று சொல்ல அந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது.

இனி மனசு. சம்பளத்தையாவது கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பீன்யா வேலையை நீங்கள் சனிக்கிழமை சந்தோஷத்தை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறீர்கள். அது தப்பான எடைக்கல்.

வீட்டில் சென்சார் வேலை செய்யவில்லை என்றால் ரீசெட் பட்டனை அமுக்குவீர்கள், சரியாகிவிடும். பம்பில் அதே கோளாறு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும். மின்துடிப்பை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், சென்சாரையும் புராசசரையும் இணைக்கும் ஐ-டூ-சி பஸ்ஸின் தரவுக்கம்பி தாழ்நிலையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாதி வாசிப்பில் புராசசர் ரீசெட் ஆகியிருக்கும். சென்சாரோ மிச்சத் துடிப்புகளுக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒன்பது கிளாக் துடிப்பு அனுப்பினால் விட்டுவிடும். கோட் பத்து வரிதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும், அதற்குப் பிறகு இன்னொரு வாரம் காகிதத்தில் போகும். மருத்துவக் கருவி மென்பொருளுக்கு ஐஇசி 62304 என்றொரு தரநிலை உண்டு. அந்தப் பத்து வரி எந்தத் தேவைக்காக, அதனால் நோயாளிக்கு என்ன ஆபத்து வரலாம், எந்தச் சோதனையில் தேறியது, யார் சரிபார்த்தார் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு வேண்டும். சாலிடரிங் இரும்பைவிட எக்செல் தாளோடுதான் அதிக நேரம் போகும். இதைக் கேட்டும் கை ஊறுகிறதா? அப்படியானால் உங்களுக்கான வேலைதான் அது. "ஐயோ, இதுவுமா" என்று தோன்றினால் சனிக்கிழமையைச் சனிக்கிழமையாகவே வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை.

பெல்லந்தூர் வேலையையும் மட்டமாக நினைக்கவேண்டாம். ஒரு பேமெண்ட் எந்த இடத்தில் சிக்கியது என்று லாக்கில் தேடிப் பிடிப்பதும் துப்பறியும் வேலைதான். சிக்கல் வேறு இடத்தில். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பவர் நீங்கள். திருத்துவது பெரும்பாலும் வேறு டீம். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையால் செய்வது, பலனைத் தானே பார்ப்பது, எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுப்பது: வேலைத் திருப்தி பற்றி 1970-களில் ஆய்வாளர்கள் ஹாக்மனும் ஓல்டமும் எழுதியதில் இந்த மூன்றும் உண்டு. எல்-2 சப்போர்ட்டில் மூன்றுமே மெலிவு. அதன்மேல் ஆன்-கால் வேறு, இரவில் அழைத்தாலும் எழுந்து பார்க்கவேண்டும். மாதம் எத்தனை இரவு, கடந்த மூன்று மாதத்தில் நள்ளிரவுக்குமேல் எத்தனை அழைப்பு, அதற்கு மறுநாள் ஓய்வு உண்டா என்று ஹெச்.ஆரிடம் கேட்காதீர்கள். டீமில் இருப்பவரிடம் கேளுங்கள். வேரியபிள் போன இரண்டு ஆண்டும் எத்தனை சதவீதம் வந்தது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பயணம் ஒரு வரியில்: பீன்யா தூரம்தான், ஆனால் பென்னிகானஹள்ளியில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் மெட்ரோவிலேயே போய்விடலாம், பெல்லந்தூர் கிட்டே, ஆனால் டின் ஃபேக்டரி, மாரத்தஹள்ளி என்று அவுட்டர் ரிங் ரோடு முழுவதும் வழியில் கிடக்கிறது.

எனக்குப் பீன்யாவில் பயம் வேலையைப் பற்றி இல்லை, கம்பெனியைப் பற்றித்தான். அறுபது பேர் கம்பெனியில் நல்ல வேலை இருக்கும், சம்பளம் இரண்டு மாதம் தள்ளும். இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தைத் தேடும் பக்கம் உண்டு. பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எப்போது எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்கு என்று வரும். பன்னிரண்டு மாதத்தைக் கீழிறங்கிப் பாருங்கள். தேதி தள்ளிக்கொண்டே போனாலோ, தலை எண்ணிக்கை ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பதுக்கு இறங்கியிருந்தாலோ விலகிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்றும் நேராகக் கேட்கலாம், தப்பில்லை.

அந்தக் கணக்கு சுத்தமாக இருந்தால் பீன்யாவுக்குப் போங்கள் என்பேன். காரணம் ஆசை இல்லை. வாடகை, தவணை, வீட்டுக்கு அனுப்புவது மூன்றும் சேர்ந்து 52,200. அது போக 49,000 மிஞ்சுகிறது. இதே ஆஃபர் 7 லட்சமாக இருந்திருந்தால், கடன் முடியும்வரை பெல்லந்தூர் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இன்னொன்று: மருத்துவக் கருவி செய்யும் ஜி.இ. ஹெல்த்கேர், பிலிப்ஸ், சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் மூன்றுக்கும் இந்த ஊரிலேயே மேம்பாட்டு மையங்கள் உண்டு. மூன்று ஆண்டு பம்பு ஃபர்ம்வேரும் 62304-உம் கையில் இருந்தால் அந்தக் கதவுகளைத் தட்டலாம். நான்கரை ஆண்டு டெஸ்டிங், மேலே மூன்று ஆண்டு சப்போர்ட் என்று ஆனபின் ஃபர்ம்வேருக்கு வருவது ரொம்பக் கடினம்.

பீன்யாவில் பேரம் பேசுவீர்கள் அல்லவா? ஆண்டுக்கு 35,000 கூடக் கேளுங்கள். அதுவரை வரி இல்லை. இப்போது 12,40,000 ஆக இருக்கும் சம்பளம் 12,75,000-ஐத் தாண்டி ஏறக்குறைய 13,45,000 வரை கூடுவதெல்லாம் வரிக்கே போய்விடும். அந்த இடைவெளியில் போய் நிற்பதைவிட, மீதியை ஓராண்டு கழித்து ஊதிய மறுஆய்வு என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது மேல்.

பெல்லந்தூருக்குப் பதில் சொல்ல 14-ஆம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு வேலைநாளில் அரைநாள் பீன்யாவில் உட்கார அனுமதி கேளுங்கள். சனிக்கிழமை வேண்டாம், செவ்வாயோ புதனோ போங்கள். ஃபர்ம்வேர் எழுதுபவரின் பக்கத்தில் உட்காருங்கள். பழைய ஆஃபீஸில் ராஜினாமாவை அதற்குப் பிறகு போட்டால் போதும். 90 நாள் நோட்டீஸ் எங்கேயும் ஓடிப்போய்விடாது.