சந்தேக வினாக்கொத்தில் 13 புள்ளி: எனக்கு விசரா?

கேள்வி: டொக்டர், எனக்கு 41 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம். அக்காவின் மகள் கம்பஸ் ஆய்வுக்கென்று ஒரு வினாக்கொத்து கொண்டுவந்தாள். யாரும் பின்தொடர்கிறார்களா, தீங்கு செய்யப் பார்க்கிறார்களா என்ற மாதிரிக் கேள்விகள். அதன் இரண்டாம் பகுதியில் 10 கேள்விக்கு எனக்கு 13 புள்ளி. 11க்கு மேல் போனால் கூடுதல் என்றாள். அன்றிலிருந்து நித்திரை இல்லை. 2009க்குப் பிறகு முகாமிலும் வீட்டிலும் விசாரணைகளைக் கண்டவள் நான். இப்போதும் ஒழுங்கையில் தெரியாத மோட்டார் சைக்கிள் நின்றால் படலைக்குள் நின்று எட்டிப் பார்ப்பேன். இது விசரா?

பதில்: தங்கச்சி, 13 என்ற எண்ணை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சந்தேக எண்ணங்களை அளக்கும் கிரீன் அளவுகோலின் திருத்திய வடிவம். 2008இல் இங்கிலாந்தில் 32 கேள்விகளோடு வந்ததை, பிறகு 18 ஆகச் சுருக்கினார்கள். முதல் 8, மற்றவர்கள் நம்மைப் பற்றிக் கதைக்கிறார்களோ என்பதைப் பற்றியது. அடுத்த 10தான் உங்களைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, ஆகக்கூடினால் 40. 11 வந்தால் மருத்துவர் கவனித்துப் பார்க்க வேண்டிய அளவு என்று எடுப்பார்கள். ஆதாரமில்லாத ஒன்றை உறுதியாக நம்பும் நிலைக்குப் போயிருக்கலாம் என்று நினைப்பது 18இலிருந்துதான்.

இப்படியான எண்ணம் பலருக்கும் கொஞ்சம் உண்டு. டானியல் ஃப்ரீமன் என்ற உளவியலாளர் 200 சாதாரண ஆட்களைக் கணினியில் உருவாக்கிய லண்டன் சுரங்க ரயிலில் ஏற்றிப் பார்த்தார். பெட்டியில் இருந்த உருவங்கள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அப்படியிருந்தும் ஏறக்குறைய 40 சதவீதமானோருக்கு ஏதோ ஒரு சந்தேகம் வந்தது.

நம் ஊருக்கு வருவோம். வினாக்கொத்து எண்ணத்தைத்தான் எண்ணும். அந்த எண்ணத்துக்குக் காரணம் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. லண்டனில் ‘என்னைப் பின்தொடர்ந்தார்கள்’ என்றால் பெரும்பாலும் நினைப்பு. வன்னியில் பலருக்கு அது நடந்த கதை. இன்னொன்று, அந்தக் கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. நீங்கள் பதினைந்து வருசத்தையும் சேர்த்துப் பதில் எழுதியிருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் முன்னால் இருந்தால் நான் கேட்பது வேறு. மோட்டார் சைக்கிள் பக்கத்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரருடையது என்று தெரிந்ததும் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறீர்களா? அப்படியென்றால் அது பட்டறிவு தந்த கவனம். தெரிந்த பிறகும் மனம் ஆறாமல், அந்த நினைப்பிலேயே நாள் போகிறதா? சொந்த வீட்டு ஆட்கள் மேலும் சந்தேகம் வருகிறதா? சாப்பாட்டில் ஏதும் கலந்திருக்குமோ என்று பயமா? சந்தைக்கும் கோயிலுக்கும் போவதை விட்டுவிட்டீர்களா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் பிந்தாமல் முல்லைத்தீவு அல்லது கிளிநொச்சி வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்குப் போன் எடுத்தும் கதைக்கலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் நித்திரைதான். நித்திரை கெட்டால் சந்தேகம் கூடும். இங்கிலாந்தில் 3,755 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், நித்திரைக்கான பயிற்சி பெற்றவர்களுக்குச் சந்தேக எண்ணமும் குறைந்தது. பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். படுத்தும் நித்திரை வராவிட்டால் எழும்பி, கொஞ்ச நேரம் வெளி விறாந்தையில் இருந்துவிட்டு, கண் சொருகும்போது போய்ப் படுங்கள். மூன்று கிழமையில் சரிவரவில்லை என்றால், அதற்காகவே ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.