'டேபிள் பண்ணுவோம்' என்றால் இப்பவா, பிறகா?

அமெரிக்க கிளையன்ட் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று சொன்னதை நம்பி, இரவிரவாக அறிக்கை தயாரித்து அனுப்பினேன், 'இதை ஏன் இப்போ அனுப்பினீர்கள்' என்று கேட்டுவிட்டார்கள், என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. நீங்கள் விளங்கிக்கொண்டது 'இப்போதே எடுத்துப் பேசுவோம்' என்ற பிரிட்டிஷ் அர்த்தம், அதுவும் சரிதான். நம் நாடாளுமன்றச் செய்திகளில் 'ஆவணத்தைச் சபாபீடத்தில் சமர்ப்பித்தார்' என்று வருகிறதே, ஆங்கிலப் பத்திரிகையில் அதே செய்திக்கு 'டேபிள்ட்' என்றுதான் போடுவார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? அமெரிக்கர்களுக்கோ அது நேர் எதிர்: இப்போதைக்கு ஒத்திவைப்போம். இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இதே சொல்லுக்காக நெடுநேரம் வாதாடியதாக சர்ச்சிலே எழுதியிருக்கிறார், ஆகவே மனதைப் போட்டு உழப்ப வேண்டாம்.

அடுத்த முறை அந்த இடத்திலேயே, 'டு யூ வான்ட் இட் நவ், ஆர் லேட்டர்?' என்று கேட்டுவிடுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், 'பால்பார்க் ஃபிகர்' என்று கேட்டால் சதக்கணக்கு வரை கூட்டிக்கொண்டிருக்காதீர்கள், அது அமெரிக்கர்களின் பேஸ்போல் விளையாட்டில் இருந்து வந்தது, 'ஐந்து லட்சம் அளவில் வரும்' என்பது போலக் குத்துமதிப்பாகச் சொன்னால் போதும். நாம் கிரிக்கெட் நாட்டுக்காரர், சங்கடமான நிலைமைக்கு 'ஸ்டிக்கி விக்கெட்' என்போம், அது அவர்களில் பலருக்கு விளங்காது.

அந்த அறிக்கையை அழித்துவிடாதீர்கள், ஒத்திவைத்தது திரும்ப வரும்போது அப்படியே அனுப்பலாம்.