பதவி உயர்வா, வேறு நிறுவனமா?

கேள்வி: பெருநிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். தொழில்தகுதித் தேர்விலும் தேறியிருக்கிறேன். மாத இறுதிக் கணக்கை முடிப்பதில் ஒருமுறைகூடத் தாமதித்ததில்லை. ஆயினும், எனக்குப் பின் சேர்ந்தவர்கள் மேலாளர்களாகிவிட்டனர். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: உங்களை உயர்த்தினால் மாத இறுதிக் கணக்கை யார் முடிப்பார் என்ற கவலை உங்கள் மேலாளருக்கு இருக்கலாம்; உங்கள் தவறாமையே உங்களை அந்த நாற்காலியில் இருத்தி வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். 1954இல் நிர்வாகவியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமனும் அவருடைய குழுவினரும் அமெரிக்க நிறுவனங்களின் கணக்குத் துறைகளை ஆராய்ந்து, கணக்காளர் தரும் தகவல் மூன்று வகையில் பயன்படுவதாகக் கூறினர்: நிலவரம் எப்படி என்று காட்டுதல், எங்கே கவனம் தேவை என்று சுட்டுதல், எந்த வழியைத் தேர்வது என்று முடிவெடுக்க உதவுதல். வங்கிக் கணக்கை ஒத்துப்பார்ப்பதும் தேய்மானம் எழுதுவதும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பிழை நேர்ந்தால்தான் மேலிடத்தின் கண்ணில் படுவோம். மற்ற இரு வகைகளில் இறங்கி, விற்பனைப் பிரிவோடு அமர்ந்து விலையை அலசுபவரும், பட்ஜெட்டுக்கும் நடப்புக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம் சொல்பவருமே மேலாளர் பதவிக்கு முதலில் நினைக்கப்படுகிறார்கள். தகுதித் தேர்வு வாசலைத் திறக்குமே தவிர, அதற்குமேல் அழைத்துச் செல்லாது.

வேலையை விட்டு விலகுவது பற்றி, நிறுவனங்களின் இயக்கத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் மார்ச்சும் இதே சைமனும் 1958இல் சொன்னது இன்றும் பொருந்துகிறது: போக விரும்புவது வேறு, போவது எளிதாக இருப்பது வேறு, இரண்டும் கூடும்போதே ஒருவர் வெளியேறுகிறார். கணக்காளருக்கு இரண்டாவது பெரும்பாலும் கைகூடிவிடும். எடுத்துக்காட்டாக, குத்தகைகளைக் கணக்கில் காட்டும் முறையை வகுக்கும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 16ஐ (IFRS 16) பின்பற்றும் நிறுவனங்கள் எத்தனை இருந்தாலும் விதி ஒன்றுதான்; ஓரிடத்தில் கற்றது வேறிடத்திலும் செல்லும். மேலும், ஒரு நிறுவனத்துக்குத் தலைமை நிதி அதிகாரி ஒருவரே என்பதால், மேலே இடம் காலியாகக் காத்திருப்பதைவிடப் பலர் வெளியே சென்றே உயர்கிறார்கள். ஊதியமும் ஒரு காரணம்தான். அதை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே, முதலில் பதவியைக் கேட்காமல் வேலை மாற்றத்தைக் கேளுங்கள்: மாத இறுதிப் பணிகளை இளையவர் ஒருவருக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு, பட்ஜெட் பணியில் இடம் கோருங்கள். ஆறு மாதத்தில் அதற்கு வழி பிறக்காவிட்டால் தயங்காமல் வெளியே பாருங்கள். ஆனால் புதிய இடத்து நேர்காணலில், கணக்கு முடிக்க எத்தனை நாளாகிறது என்பதையும், அந்த இடத்தில் முன்பிருந்தவர் ஏன் விலகினார் என்பதையும் கேட்டுவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள்.