சீனப் பெருஞ்சுவர்: எந்தப் பகுதிக்குப் பணம் கட்டுவது?

கேள்வி: அக்டோபரில் பெய்ஜிங் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியார். பெருஞ்சுவருக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். பாதாலிங்தான் பேர்போன இடம், அங்கேயே போங்கள் என்கிறார் டூர் ஏற்பாட்டாளர். போய் வந்த தோழியோ முதியன்யூவைச் சொல்கிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதியன்யூவுக்கே போங்கள். உங்கள் மாமியாரின் முழங்காலை நினைத்துத்தான் முதலில் சொல்கிறேன்.

பெருஞ்சுவர் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே கட்டடம் இல்லை. பல காலத்துச் சுவர்களையும் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று சீன அரசு 2012இல் அறிவித்தது. பெய்ஜிங்கைச் சுற்றிப் பயணிகள் ஏறுவது பெரும்பாலும் 1368 முதல் 1644 வரை சீனாவை ஆண்ட மிங் வம்சத்தார் கட்டியது. பாதாலிங், முதியன்யூ இரண்டும் அந்தக் காலத்தவையே. இரண்டையும் நன்றாகச் செப்பனிட்டிருக்கிறார்கள். அதனால் பாதாலிங்கை விட்டால் அசல் சுவரையே பார்க்காமல் வந்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். 1950களிலேயே பயணிகளுக்குத் திறந்துவிட்டதாலும், 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வந்து நின்றதாலும் அதற்கு அந்தப் பேர். அந்தப் பேர்தான் கூட்டத்தையும் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 65,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று 2019இல் அங்கே வரம்பு வைத்தார்கள். வரம்பே அவ்வளவு என்றால், படிக்கட்டில் ஒரு வயதானவர் நின்று மூச்சு வாங்க இடம் கிடைக்குமா, யோசியுங்கள்.

முதியன்யூ, பெய்ஜிங்கிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மொத்தம் 23 காவல் கோபுரங்கள். இங்கே மேலே போக இரண்டு வசதிகள் உண்டு, இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூடிய பெட்டி போன்ற கேபிள் கார் 14ஆம் கோபுரத்தருகே கொண்டுபோய் விடும். திறந்த தொங்கு நாற்காலி 6ஆம் கோபுரத்தருகே விடும்; கீழே இறங்கும் சறுக்கு வண்டியும் அந்தப் பக்கம்தான். இரண்டையும் நடத்துவது வேறு வேறு நிறுவனங்கள். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. ஒன்றில் ஏறி இன்னொன்றுக்குத் திரும்பு டிக்கெட் வைத்திருந்தால், நடுவில் எட்டுக் கோபுரங்களுக்குப் படி ஏறி இறங்கி நடக்க வேண்டும்.

மாமியாருக்குக் கேபிள் காரில் போகவர டிக்கெட் எடுங்கள். 14ஆம் கோபுரத்தருகே சற்று நடந்தாலே மலை முகடுகளின் மேல் சுவர் வளைந்து போவது தெரியும்; அவர் அங்கே நிதானமாக உட்காரலாம், நீங்களோ கணவரோ கூட இருக்கலாம். மகனோடு போகிறவர் ஒருவழி டிக்கெட்டில் கேபிள் காரில் ஏறி, 6ஆம் கோபுரம்வரை நடந்து, சறுக்கு வண்டியில் இறங்கலாம். மழை பெய்தால் சறுக்கு வண்டி ஓடாது. வயது, உயரக் கட்டுப்பாடும் உண்டு. பணம் கொடுக்கும் முன் மகனைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நுழைவுச்சீட்டு, வாசலிலிருந்து மலையடிவாரம் போகும் பேருந்து, கேபிள் கார் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். டூர்காரர் 'டிக்கெட் உட்பட' என்று எழுதியிருந்தால் மூன்றுமா, நுழைவுச்சீட்டு மட்டுமா என்று கேளுங்கள். செலவில் பெரிய பங்கு கேபிள் காருக்குத்தான்.

தேதியையும் பாருங்கள். அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவில் தேசிய தின விடுமுறை. அந்த வாரம் எந்தப் பகுதியுமே வேண்டாம்.

பாதாலிங் யாருக்குச் சரி? அரை நாள்தான் இருக்கிறது, கார் பிடிக்க விருப்பமில்லை என்பவர்களுக்கு. 2019 கடைசியில் அதிவேக ரயில் வந்துவிட்டது. பெய்ஜிங்கிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சேரலாம். நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில், சுவருக்குக் கீழே மலையைக் குடைந்து அந்த நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் கேபிள் கார் உண்டு. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து நுழைவுச்சீட்டை முன்கூட்டியே எடுங்கள்.

கேள்வி: பெய்ஜிங்கில் ஒரு நாள் சுற்றுலா 100 யுவான் என்கிறார்கள். பேருந்து, சாப்பாடு, வழிகாட்டி, நுழைவுச்சீட்டு எல்லாம் அதிலேயே அடக்கமாம். நம்பலாமா?

பதில்: வேண்டாம். நுழைவுச்சீட்டே 40 யுவான் அளவில் வரும். மீதியில் பேருந்தும் சாப்பாடும் ஆளும் எப்படிக் கட்டுப்படியாகும்? பச்சைக்கல் (ஜேட்) நகைக் கடை, பட்டுக் கடை, தேநீர்க் கடை என்று இறக்கி, நீங்கள் வாங்குவதில் கமிஷன் எடுத்துத்தான் ஈடுகட்டுவார்கள். சுவரில் இருக்கும் நேரம் ஒரு மணியாகச் சுருங்கிவிடும். பாதாலிங் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலுள்ள ஷுய்குவான் பகுதியில் இறக்கிவிடுவதும் நடக்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: பகுதியின் பெயர் சீன எழுத்தில், சுவரில் எத்தனை மணி நேரம், வழியில் கடை நிறுத்தம் உண்டா. 2013இல் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, நியாயமில்லாத குறைந்த விலை காட்டி ஆள் சேர்த்துக் கடைகளில் கமிஷன் பார்ப்பதைத் தடை செய்கிறது. அப்படி வாங்க வைத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க, பயணம் முடிந்து 30 நாள்வரை உங்களுக்கு உரிமை உண்டு. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நாலு பேர், நன்றாக மலை ஏறுவோம். செப்பனிடாத ஜியான்கோ பகுதிக்குக் கூட்டிப்போக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஜியான்கோவின் செங்குத்தான பகுதிகள் பயணிகளுக்குத் திறக்கப்படாதவை. திறக்காத பகுதிகளுக்கு ஆள் கூட்டிப்போவதை 2006ஆம் ஆண்டின் பெருஞ்சுவர்ப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. கல் பெயர்ந்த சரிவில் கால் தவறினால் மீட்பு ஆட்கள் வந்து சேரவே நேரமாகும். ஒவ்வொரு காலடியிலும் பழைய செங்கல் இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. அதுவும் எனக்கு வலிக்கிறது.

நீங்கள் தேடுவது ஜின்ஷான்லிங்கில் கிடைக்கும். ஹபெய் மாகாணத்தில், பெய்ஜிங்கிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ 10.5 கிலோமீட்டர் நீளம், 67 கோபுரங்கள். ஒரு பாதி செப்பனிட்டது. கிழக்கே போகப் போகப் பழைய நிலையிலேயே இருக்கும், கூட்டமும் குறையும். முழு நாள் ஒதுக்குங்கள், தண்ணீர் கையோடு இருக்கட்டும். அடுத்துள்ள சிமாதாய்க்கு அப்படியே நடந்து போய்விடலாம் என்று பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். சிமாதாய்க்குத் தனி வாசல், தனி முன்பதிவு. இரவில் விளக்கொளியில் சுவர் ஏற ஆசையிருந்தால் சிமாதாயை வேறொரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜின்ஷான்லிங்கில் நடக்கும்போது சுவரின் பக்கங்களைக் கவனித்துக்கொண்டே போங்கள். எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு சுட்டது என்று முத்திரை பதித்த செங்கற்கள் அங்கங்கே இருக்கின்றன.