பூல் ஆட்டத்தில் 'கோஸ்ட் பால்' முறையில் குறிபார்ப்பது எப்படி?

கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து, குறிப்பந்தை (பாக்கெட்டில், அதாவது மேசைக் குழியில், விழவைக்க வேண்டிய பந்தை) தொடும் கணத்தில் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கே ஒரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு அதன் நடுவை நோக்கி அடிப்பதுதான் 'கோஸ்ட் பால்' முறை.

மோதும்போது குறிப்பந்து, இரு பந்துகளின் மையங்களையும் சேர்க்கும் கோட்டிலேயே தள்ளப்படும். அந்தக் கோடு பாக்கெட்டைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேரம் ஆடியவர்களுக்குக் காயைக் குழிக்குத் தள்ளும் அதே கணக்கு இது.

பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மி.மீ. ஆகவே பாக்கெட்டுக்கு நேர் எதிர்ப்புறம், குறிப்பந்தின் விளிம்பிலிருந்து அரைப் பந்து தள்ளி இருக்கிறது குறி. பழக எளிய வழி: அங்கே இன்னொரு பந்தை ஒட்டி வையுங்கள். அது மேசையைத் தொடும் இடத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துவிடுங்கள். அந்தத் துண்டை நோக்கி அடியுங்கள். நின்றபடியே கோட்டை முடிவுசெய்துவிட்டுக் குனிவது முக்கியம். குனிந்தபின் சந்தேகம் வந்தால் எழுந்து மறுபடி பாருங்கள். சாய்வான அடியை மெதுவாக அடித்தால் உராய்வு குறிப்பந்தைச் சற்று இழுத்துவிடும். அதனால் வெள்ளைப் பந்து குறிப்பந்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மெல்லியதாகப் படும்படி அடியுங்கள்.

பந்துகள் தொடும் புள்ளியையே குறிபார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் அடிக்கு மட்டுமே அது சரி, சாய்வான அடியில் வெள்ளைப் பந்து தேவைக்கு மேல் நடுப்பக்கமாகப் பட்டு, குறிப்பந்து பாக்கெட்டைத் தவறவிடும்.