உறைபனியில் கருகும் கொழுந்து, கருகாத கோஸ்

கேள்வி: மார்கழியில் ஒரே இரவு விழுந்த உறைபனியில் எங்கள் தேயிலைக் கொழுந்து முழுவதும் கருகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் எதுவும் ஆகாமல் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே குளிர்தானே?
– ஒரு வாசகி, உதகை

பதில்: உங்கள் சமையலறையைப் பாருங்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கும், நல்லெண்ணெய் ஓடும். செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அது இறுகினால் உள்ளே இருப்பது வெளியே கசியத் தொடங்கும். ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுப்பது இப்படித்தான். கோஸ் அப்படியல்ல, குளிர் தொடங்கியதுமே நொதிகளை வைத்துத் தன் சவ்வுக் கொழுப்பை நல்லெண்ணெய்ப் பக்கம் மாற்றிக்கொள்கிறது.

கோஸுக்கு உறவான, கடுகுக் குடும்பத்துச் செடி அரபிடாப்சிஸ். அதை 4 டிகிரிக்கு மாற்றினால் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. 15 நிமிடத்துக்குள் சிபிஎஃப் என்ற மரபணுக்கள் விழித்து, வேறு பல மரபணுக்களையும் எழுப்பிவிடுகின்றன. சர்க்கரையும் காப்புப் புரதங்களும் சேர்கின்றன. இவை எதற்கு என்கிறீர்களா? பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, இடுக்குகளில்தான் உருவாகும். அது செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கும். உறைபனியில் செடி தாகத்தால் சாகிறது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. அந்தத் தாகத்தில் செல் சுருங்கும்போது சவ்வு குலையாமல் காப்பது சர்க்கரையும் இந்தப் புரதங்களும்தான். பனி கண்ட கோஸ் இனிப்பாக இருப்பதும் அந்தச் சர்க்கரையால்.

ஆனால் இதெல்லாம் முடிய நாள் கணக்கில் ஆகும். ஒருமுறை மாணவர்களோடு இரண்டு தொட்டி கோஸ் நாற்று எடுத்து, ஒன்றை மட்டும் இரண்டு வாரம் குளிரில் பழக்கினோம். பிறகு இரண்டையும் ஒரே இரவு உறையவிட்டோம். பழகாத நாற்று காலையில் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தது. ரை என்ற தானியப் பயிர் இன்னும் வியப்பு: பழகாவிட்டால் மைனஸ் 5 டிகிரியிலேயே செத்துவிடும், பழகினால் மைனஸ் 30 வரை தாங்கும். நடுவில் சில நாள் வெயில் அடித்தால் அந்தப் பழக்கம் கலைந்தும் போகும்.

சரி, உங்கள் தேயிலைக்கு வருவோம். கொழுந்து நேற்று வந்த தளிர், நீர் நிறைந்தது, பழக நேரமே கிடைக்கவில்லை. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் தப்பியிருக்கும், பாருங்கள். அவை பச்சையாக இருந்தால் செடி மறுபடி துளிர்க்கும். இனி காற்று அசையாமல், மேகமில்லாமல் வானம் தெளிந்திருக்கும் மாலைகளில், இருட்டும் முன்பே தழை போட்டு மூடிவிடுங்கள்.