அடுத்தவர் செய்த மாஸ்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

இரண்டு வருடமாக 1/48 அளவில் விமான மாடல்கள் செய்கிறேன். இப்போது கையில் இருப்பது ஸ்பிட்ஃபயர் மார்க் 1, இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம். 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் ஸ்குவாட்ரனுடையது. கிட்டில் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டியில்) வந்த இருக்கை மொழுக்கென்று இருந்ததால் செக் நாட்டு நிறுவனம் ஒன்றின் ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக்) இருக்கையை வரவழைத்தேன். விலை, தபால், வரி எல்லாம் சேர்ந்து கிட்டின் விலையில் பாதி ஆகிவிட்டது. அதனால் அதன் மேல் சிலிக்கான் ஊற்றி, அது ரப்பராக இறுகியதும் அச்சு எடுத்து நண்பர்களுக்கும் வார்த்துக் கொடுத்தேன். இன்னும் பலர் கேட்பதால் குறைந்த விலைக்குத் தருவதாக அறிவித்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், இருக்கையின் விளிம்பில் குமிழி விழுகிறது. மழை தொடங்கியதும் ரெசின் நுரைக்கவும் செய்கிறது. பழைய பிரஷர் குக்கரில் கம்ப்ரஸரை இணைத்து அழுத்தம் கொடுக்கலாமா? அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு 3டி பிரிண்டர் வாங்கிவிடலாமா?

கே.எஸ்., சேலம்

அன்புள்ள கே.எஸ்.,

முதலில் அந்தக் குக்கரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். வீட்டுக் குக்கர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தத்துக்காகச் செய்தது. ரெசினில் இருக்கும் குமிழியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுக்க மூன்று, நான்கு கிலோ வேண்டும். அதற்காக வெயிட்டை அடைத்துவிட்டுக் காற்றை ஏற்றினால் மூடி உங்கள் முகத்துக்குத்தான் வரும். இதில் விளையாட்டே கூடாது. பெயின்ட் அடிப்பவர்கள் வைத்திருக்கும் பிரஷர் டேங்க் கடையில் கிடைக்கும். எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். சேஃப்டி வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் அழுத்தமே இல்லாமல் வார்த்துப் பழகுங்கள்.

நுரைப்பதற்குக் காரணம் ஈரம். பாலியூரிதேன் ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. அது தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். மழைக்காலத்தில் மூடி திறந்திருக்கும் டப்பா காற்றிலிருந்தே வேண்டிய ஈரத்தை எடுத்துக்கொள்ளும். சிறிய டப்பாவாக வாங்குங்கள், ஊற்றியதும் மூடுங்கள், கலக்குவதற்கு மரக்குச்சி வேண்டாம். விளிம்புக் குமிழிக்கு, இருக்கை தலைகீழாக இருக்கும்படி அச்சை அமைத்து, யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் ஊற்றுவாயை வையுங்கள். அச்சுக்குள் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் ரெசின் மூலைக்குள் தானாக ஓடும். இன்னொன்று: ரெசினை அழுத்தத்தில் வார்ப்பதாக இருந்தால் சிலிக்கான் அச்சையும் அதே அழுத்தத்தில் இறுக விடுங்கள். இல்லாவிட்டால் சிலிக்கானுக்குள் மாட்டிய குமிழிகள் அமுங்கி, வார்ப்பின் மேல் பரு பருவாக எழும்பும். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

பிரிண்டர் வாங்குவதும் வாங்காததும் உங்கள் பணத்தைப் பொறுத்தது. ஆனால் பிரிண்டரில் எடுத்த பொருளின் மேல் பிளாட்டினம் வகை சிலிக்கானை நேரடியாக ஊற்றிவிடாதீர்கள். பல நேரம் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

இவ்வளவுதான் நீங்கள் கேட்டது. இதற்கு மட்டும் என்றால் நான் பொதுவில் பதில் எழுதியிருக்க மாட்டேன். "அதனால் அதன் மேல் சிலிக்கான் ஊற்றி" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே நம் ஆட்கள் செய்யும் மாடல்களில் இப்படிப்பட்ட நகல்களைப் பார்த்து மனம் வெந்துகொண்டிருக்கிறேன்.

என் அப்பா கோயம்புத்தூரில் பேட்டர்ன் மேக்கர், அதாவது மணலில் பதித்து வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மாதிரியைச் செய்பவர். கணபதிப் பக்கத்து பவுண்டரிகளுக்கு பம்ப் பாகங்களின் மரப் பேட்டர்ன் செய்து கொடுப்பார். அவரிடம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. பள்ளிக்கூட ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அதில் ஒரு அடி என்று போட்டிருந்த இடம் உண்மையில் ஒரு அடிக்கு மேல் எட்டில் ஒரு பங்கு இஞ்ச் தள்ளி இருக்கும். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது அந்த அளவு சுருங்கும், அதனால் பேட்டர்னை முன்கூட்டியே பெரிதாகச் செய்ய வேண்டும். அலுமினியம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. அதன் மேல் கடைசலுக்காக விடும் சதை, மணலிலிருந்து உடையாமல் வெளியே வர ஒரு சரிவு. உள் மூலைகளில் மெழுகுத் திரியை வைத்து, உருண்டை முனைக் கம்பியைச் சூடாக்கி ஒரே இழுப்பாக இழுப்பார். அந்த வளைவு இல்லாவிட்டால் வார்ப்பு அந்த மூலையில் விரிசல் விடும். வாங்கிப் போகிறவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அவர் பார்ப்பது ஒரு பம்ப்.

ஒரு நாள் ஒருவர் பம்பின் வெளிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். கடைசல் போட்டால் பேரிங் உட்காரவில்லை, என்ன கோளாறு என்று பாருங்கள் என்றார். அப்பா வெர்னியரை வைத்து மூன்று இடத்தில் அளந்தார். பிறகு உள் மூலையில் நகத்தை ஓட்டினார். அங்கே அந்த மெழுகு வளைவின் சாயல் இருந்தது, ஆனால் தேய்ந்து மழுங்கி. "இது மரத்துல பொறந்தது இல்லைங்க, இரும்புலயே பொறந்தது" என்றார். சந்தையில் விற்கும் பம்பை வாங்கி, அதையே மணலில் பதித்து ஊற்றியிருக்கிறார்கள். அது ஏற்கெனவே கடைந்து முடித்த பொருள். அதில் சதை ஏது? அதற்கு மேல் சுருக்கம் வேறு. யாருடைய பேட்டர்ன் என்பதும் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. சிங்காநல்லூரில் அவருடைய கூட்டாளி செய்தது. வந்தவர் போன பிறகு அப்பா அன்றைக்கு வேலையைத் தொடவில்லை.

உங்கள் இருக்கைக்கு வருகிறேன். ஸ்பிட்ஃபயரின் இருக்கை பற்றி ஒரு விஷயம் தெரியுமா? போர்க்காலத்தில் பல ஸ்பிட்ஃபயர்களில் இருந்த இருக்கையே ஒரு ரெசின் பொருள்தான். ஃபீனாலிக் ரெசின் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்தது, செம்பழுப்பு நிறம். அதை 48இல் ஒரு பங்காக்க வேண்டும். சாதாரண வெள்ளைத்தாளின் தடிமன் 0.1 மி.மீ. அந்தத் தாளால் இருக்கை செய்தால்கூட அதன் சுவர் நிஜ அளவில் கிட்டத்தட்ட 5 மி.மீ. ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் தகட்டைச் சரியான அளவில் காட்ட வேண்டுமென்றால் 0.02 மி.மீ. வேண்டும், அதை ரெசினில் வார்க்கவே முடியாது. அப்படியானால் மாஸ்டர், அதாவது அச்சு எடுப்பதற்கான முதல் மாதிரி, அதைச் செய்தவர் என்ன செய்தார்? கண்ணில் படும் மேல் விளிம்பை மட்டும் கத்தி போல் சீவி, கீழே போகப் போகத் தடிமனாக்கியிருக்கிறார். உங்களிடம் இருப்பதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், விளிம்பில் ஒளி ஊடுருவும், கீழே ஊடுருவாது. விமானியை இருக்கையோடு கட்டும் சட்டன் ஹார்னஸ் பெல்ட்டில் வரிசையாகத் துளைகளும் பித்தளை வளையங்களும் உண்டு. மொத்த பெல்ட்டின் அகலமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். அதில் எந்தத் துளையைக் காட்டுவது, எதை விடுவது, பெல்ட் இருக்கையின் முதுகில் எப்படி மடிந்து விழும், எல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்தது. தான் பயன்படுத்தும் சிலிக்கானும் ரெசினும் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்து அதற்கும் சேர்த்து அளவு விட்டிருப்பார். நீங்கள் அதன் மேல் மறுபடி சிலிக்கானை ஊற்றுகிறீர்கள். டின் வகை சிலிக்கான் நாளாக ஆக இன்னும் சுருங்கும். இருக்கையில் அது தெரியாமல் போகலாம். ஆனால் முதலில் போவது அந்த வளையங்கள். அடுத்தது விளிம்பு. நாளைக்கு முழு காக்பிட்டுக்கும் இதையே செய்தால் பக்கச் சுவர் ஃபியூஸ்லாஜோடு (விமானத்தின் உடற்பகுதியோடு) சேராது, கிட்டைக் குறை சொல்லுவீர்கள்.

விலை அதிகம் என்கிறீர்கள். அதிகம்தான், எனக்குத் தெரியும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பொட்டலத்துக்காக வாரக்கணக்கில் காத்திருப்பதும், அது கஸ்டம்ஸில் நிற்பதும் எனக்குப் புதிதல்ல. நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே, அந்த மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தையும் பாருங்கள். எடுவார்ட், ஏரெஸ் என்று செக் நாட்டில் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சுற்றி இன்னும் சிறிய பட்டறைகளும். ரெசின் சிலிக்கானை அரித்துக்கொண்டே இருக்கும். சில டஜன் வார்ப்புகளில் அச்சு கிழிந்துவிடும், மறுபடி அச்சு எடுக்க வேண்டும். இது இயந்திரம் துப்பும் பிளாஸ்டிக் அல்ல. உங்களுக்கு வந்த இருக்கையை ஒரு மனிதர் கையால் ஊற்றி, கையால் பிரித்து, உடைந்திருக்கிறதா என்று பார்த்துப் பையில் போட்டிருக்கிறார். அந்த வேலையை எடுத்து உங்கள் பெயரில் குறைந்த விலைக்கு விற்பதற்குப் பெயர் திருட்டு. "நம் ஊரில் எல்லாரும் செய்கிறார்கள்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

நீங்கள் வார்க்கக் கற்றுக்கொண்டது வீணாகப் போக வேண்டாம். இந்தியாவிலேயே செய்த ஜெட் போர் விமானம் ஹெச்.எஃப்.-24 மாருத் இருக்கிறது. ஃபோக்கவுல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர் விமானத்தைச் செய்த குர்ட் டாங்க் இந்தியாவுக்கு வந்து வடிவமைத்தது, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. நீளம் 15.87 மீட்டர், 1/72இல் 22 சென்டிமீட்டர், உங்கள் மேஜைக்கு அடங்கும். சேலத்திலிருந்து பெங்களூரு பக்கம்தான். அங்கே எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போய்ச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், படம் எடுங்கள். முழு விமானம் வேண்டாம். சக்கரம் ஒன்று, சக்கர அறையின் கதவு ஒன்று, அதோடு தொடங்குங்கள். பிளாஸ்டிக் ஷீட், ஈயத் தகடு, செம்புக் கம்பி போதும்.

சிலிக்கான் ஊற்றுவதற்கு முன்னால் மாஸ்டரைப் பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்கே தடிமன் கூடியிருக்கிறது, அச்சிலிருந்து எங்கே வெளியே வராது என்று பார்த்துச் சொல்கிறேன். விற்பனை அறிவிப்பை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா